கூட வந்த ஆம்பிளை

என் ராத்தாவை மையவாடியில் அடக்கிவிட்டு வந்த பிறகு சில கிழமைகள் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். ஓட்டோவைக் கழுவினேன். வந்தவர்கள் கையைப் பிடித்து ஸலாம் சொன்னார்கள், பதில் சொன்னேன். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் அதே இடத்தில்தான் இருக்கும், தொட்டால் மட்டும் தெரியாது. அப்படி இருந்தேன். கவலை என்றும் சொல்ல முடியாது. கவலைக்கு ஒரு பாரம் உண்டு.

ராத்தா என்றால் எங்கள் ஆட்களிடம் மூத்த சகோதரி, நானா என்றால் அண்ணன். வாப்பா புத்தளத்து உப்பளத்தில் வேலை செய்தவர். அவருடைய இரண்டு பிள்ளைகளில் ஒன்று பல்கலைக்கழகம் வரை போனது, மற்றது ஐந்தாம் வகுப்போடு நின்றது. நின்றதற்குப் பெரிய காரணம் இல்லை. எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும், அங்கே இன்னும் அதிகம் பேருக்கு முன்னால் வாசிக்க வேண்டும் என்றார்கள். நான் போகவில்லை. வாப்பா இரண்டு நாள் ஏசினார், பிறகு உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓட்டோ வாங்கியது வெகு காலம் கழித்து. நாங்கள் இருவருமே கலியாணம் முடிக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம்.

ராத்தா கம்பஸில் படிப்பித்தார். பிறகு அதை விட்டுவிட்டு ஊருக்கே வந்து, கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்குமான இந்தக் கரையைப் பற்றி எழுதத் தொடங்கினார். யார் எங்கிருந்து வந்து குடியேறினார்கள், எந்தப் பள்ளிவாசலை யார் கட்டினார்கள், உப்பு எந்த வழியாகப் போனது, சிங்களமும் தமிழும் ஒரே வீட்டுக்குள் எப்படிப் புழங்குகின்றன என்றெல்லாம். இங்கே பெண் பிள்ளைக்குக் கலியாணத்தோடு வீடு கொடுப்பது வழக்கம். அந்த வீட்டின் உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஒரு புத்தகமே எழுதினார். தமிழில் எழுதியதை என்னிடம் வாசிக்கத் தருவார். இங்கிலீஷில் எழுதியதை நான் அட்டையோடு பார்த்து வைத்துவிடுவேன்.

அவர் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் முன் மண்டபத்துக் கதிரையில் உட்கார மாட்டார். அங்கே உட்கார்ந்தால் ஆம்பிளைகள் வந்து பதில் சொல்லிவிடுவார்கள். நேரே குசினிப் பக்கம் போய், அங்கே என்ன வேலை நடக்கிறதோ அதில் கை வைப்பார். தேங்காய் துருவிக்கொண்டோ மீன் கழுவிக்கொண்டோதான் கேள்வி கேட்பார். நான் வாசலில் ஓட்டோவுக்குள் இருப்பேன். திரும்பி வரும்போது அவருடைய கையில் மீன் வாடை அடிக்கும். வீட்டுக்கு வந்து எழுத உட்காரும்போதும் அந்த வாடை போயிருக்காது.

உறுதியைப் பற்றிக் கேட்கப் போன குசினிகளில்தான் மற்ற வேலையும் தொடங்கியது. "டீச்சர், என்ட மகள்ட விசயம் ஒண்டு இரிக்கி" என்று மெதுவாகத் தொடங்குவார்கள். மாப்பிள்ளை செலவு கொடுப்பதில்லை, மாப்பிள்ளை இன்னொரு கலியாணம் முடித்துவிட்டார், அடிக்கிறார், விடவும் மாட்டேன் என்கிறார். எங்களுடைய கலியாண வழக்குகளை விசாரிப்பவர் காழியார். காழியார் எப்போதும் ஓர் ஆண். ராத்தா முதல் தடவை ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனபோது, காழியார் வாசலிலேயே கேட்டாராம்.

"கூட ஆம்பிளை யாரும் வரல்லயா?"

"நான் வந்திரிக்கிறேன்" என்றார் ராத்தா.

"அது சரி. ஆம்பிளை யாரும் வரல்லயா?"

அடுத்த தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் எனக்கு அதுதான் வேலை. வழக்குக் கேட்கும் மண்டபத்தில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்காருவேன். கதைப்பதெல்லாம் ராத்தா. காழியார் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் பதிலை என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

"தாபரிப்புச் செலவு குடுக்கச் சொல்லிக் கட்டளை போட்டும் அவர் கட்டல்ல. அடுத்தது என்ன காழியாரே?" என்று ராத்தா கேட்பார்.

"தம்பி, இன்னொரு தவணை குடுத்துப் பார்ப்பம்" என்று காழியார் என்னிடம் சொல்வார்.

நான் தலையை ஆட்டுவேன்.

"தவணையெல்லாம் குடுத்தாச்சு."

"பொறுமை வேணும் தம்பி."

நான் மறுபடியும் தலையை ஆட்டுவேன். வெளியே வந்ததும் ராத்தா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "உனக்குப் பொறுமை வேணுமாம். கேட்டியா?" என்பார். கூட வந்த பெண் அழுகைக்கு நடுவிலும் சிரிப்பாள்.

வேறோர் ஊரில் ஒரு வயதான காழியார் இருந்தார். அவருக்குக் கண் பார்வை குறைவு. ஒரு நாள் ராத்தா வாசலில் நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். நானும் ஓர் இளம் பெண்ணும் முதலில் உள்ளே போய் உட்கார்ந்தோம். காழியார் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடங்கிவிட்டார்.

"வெக்கமில்லையா ஒனக்கு? புள்ளைக்கிப் பால்மா வாங்கிக் குடுக்கத் தெரியாது, ரெண்டாங் கலியாணம் மட்டும் கேக்குதா? இந்த வயசில?"

நான் குனிந்துகொண்டேன்.

"குனிஞ்சா சரியாப் போச்சா? மறுமையில என்ன பதில் சொல்லப் போற? இனிமேலாவது ஒழுங்கா இரிப்பியா, மாட்டியா?"

"ஓம்" என்றேன். அந்தப் பெண் முந்தானையை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ராத்தா உள்ளே வந்து, "காழியாரே, இது என்ட தம்பி" என்றார்.

"அப்ப ஏன் ஓம் எண்டான்?" என்று அவர் உண்மையாகவே கோபப்பட்டார்.

ராத்தா இதைப் போகிற இடமெல்லாம் சொல்வார். "இந்தக் கரையில காழியார் ஏசினதும் ஓம் எண்டு ஒத்துக்கொண்ட ஒரே மாப்பிளை என்ட தம்பிதான்." பெரிய பெரிய கூட்டங்களிலும் சொல்லியிருக்கிறார். ஆட்கள் திரும்பி என்னைத் தேடுவார்கள். நான் வெளியே போய்விடுவேன்.

அவரோடு வேலை செய்த ஒரு சின்னப் பிள்ளை, சட்டம் படித்தவள், ஒரு நாள் எங்கள் வீட்டில் வைத்து அவரைக் கேட்டாள். "பொம்பிளை தனிய வந்து கதைக்கலாம் எண்டுதானே எழுதுறீங்க. பொறகு ஏன் நானாவைக் கூட்டிப் போறீங்க? அவங்க சொல்றதை நீங்களே ஏத்துக்கொண்ட மாதிரித்தானே?" ராத்தா கையிலிருந்த கடுதாசிகளை அடுக்கி முடித்தார். பிறகு, "சட்டம் மாறுற அண்டைக்கி மாறட்டும். அந்தப் புள்ளைக்கி இந்தச் சனிக்கிழமை வேணும்" என்றார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். அவள் கேட்டது எனக்குச் சரியாகத்தான் பட்டது. ராத்தா சொன்னதும் சரியாகத்தான் பட்டது.

ராத்தா ஆஸ்பத்திரியில் அதிக நாள் இருக்கவில்லை. கொழும்பில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அவரைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் உண்மைதான். கடைசியில் ஒலிவாங்கியை என் பக்கம் நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முந்தல் தங்கச்சி என்னைத் தேடி வந்தது அதற்குப் பிறகு. அப்படித்தான் நான் அவளைக் கூப்பிடுவது. முந்தலில் ஓர் இறால் பண்ணையில் வேலை செய்கிறாள். புருஷன் நுரைச்சோலைப் பக்கம் கொந்தராத்து வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டார். இவளுக்கும் மகளுக்கும் செலவு கொடுப்பதில்லை, தலாக்கும் சொல்வதில்லை. பெண்ணே கேட்டு வாங்கும் பிரிவுக்கு பஸகு என்று பெயர். அவள் பஸகுக்குப் போட்ட வழக்கு வருஷக் கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. புருஷன் வருவதேயில்லை. அவளுடைய சொந்த நானாவும் மச்சான் பக்கம் சேர்ந்துகொண்டார், அவரும் வருவதில்லை. அவளுக்காக ராத்தா பேசினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் நின்றபடியே சொன்னாள். "சனிக்கிழமை கடைசித் தவணை எண்டு சொல்லி இரிக்காங்க நானா. சாட்சி ரெண்டு பேரும் வரணும். கூட ஆம்பிளை ஆளில்லாமப் போனா திரும்பத் தள்ளிப் போட்டுருவாங்க. இந்த முறை தள்ளினா நான் விட்டுருவேன். ஏலாது நானா. கலியாணம் முடிச்சவளும் இல்ல, முடிக்காதவளும் இல்ல, இப்பிடியே இரிக்க ஏலாது."

வாறேன் என்றேன். போக வேண்டும் என்று தோன்றியதால் இல்லை. வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை முந்தலுக்குப் போனேன். அவளோடு பக்கத்து வீட்டு மீன் வியாபாரி ஏறினார். அவர்தான் முதல் சாட்சி. அவள் அவரைச் சாச்சா என்பாள். வழி நெடுக அவர்தான் கதைத்தார்.

"சைக்கிள்ல மீன் கொண்டு போய் வித்தவன் நான். கோடு, கச்சேரி எண்டு ஒரு நாளும் போனதில்ல. வாழ்க்கையில முதல் தடவை சாட்சி சொல்லப் போறேன், அதுக்கு மீன் வாடையோட போறதா எண்டு பொஞ்சாதி ரெண்டு தரம் குளிக்க வெச்சிட்டா. இன்னும் வாடை வருதா தம்பி?"

"இல்ல" என்றேன்.

"பொய் சொல்ற. நீ சாட்சிக்கிச் சரிப்பட்டு வர மாட்ட."

தங்கச்சி சிரிக்கவில்லை. இரண்டாவது சாட்சி அவளுடைய ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். அவர் நேரே வருவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் போய் இறங்கியபோது அவளுடைய தொலைபேசி அடித்தது. கேட்டுவிட்டு அதைக் கைப்பைக்குள் போட்டாள். மோதினார் வரமாட்டார். புருஷனுடைய ஆட்கள் அவரோடு கதைத்திருக்கிறார்கள்.

உள்ளே காழியாரும், அவரோடு விசாரிக்கும் மூன்று பெரியவர்களும் இருந்தார்கள். நான் வழக்கம் போல அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். மறுபக்கத்துக் கதிரை, ராத்தா உட்காருவது, காலியாக இருந்தது. காழியார் அதைப் பார்த்து, "அல்லாஹ் அவவுக்கு நல்ல சுவனத்தைக் குடுக்கட்டும்" என்றார். ஆமீன் என்றோம். வழக்கு தொடங்கியது. மீன் வியாபாரி போய் நின்று, செலவு கொடுக்காததையும், வீட்டுப் பக்கம் வராததையும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது தான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும் சொன்னார். நன்றாகவே சொன்னார்.

"மற்றச் சாட்சி?" என்று காழியார் என்னைப் பார்த்துக் கேட்டார்.

தங்கச்சிதான் சொன்னாள். "மோதினார் வரமாட்டாராம்."

"அப்ப என்ன செய்ற தம்பி? ஒரு சாட்சியோட முடிக்க ஏலாது. இன்னொரு தவணை குடுப்பம்."

"இவங்க கண்டாங்க" என்றாள் அவள். என்னைத்தான் சொன்னாள். "நுரைச்சோலைக்கிப் போன அண்டைக்கி இவங்கதான் வாசல்ல நிண்டாங்க."

காழியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அது எப்பிடிம்மா? இவர் உன்னோட வந்த ஆளெண்டு எழுதி இரிக்கி. உனக்காக வந்திரிக்கிறவரே சாட்சி சொன்னா ஏத்துக்க ஏலுமா? அவர் சாட்சிப் பக்கம் போனா உன்னோட யாரு?"

மூன்று பெரியவர்களும் தங்களுக்குள் கதைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் அவளுடைய மூச்சுச் சத்தம் கேட்டது. ராத்தா இருந்திருந்தால் இந்த இடத்தில் சட்டத்தின் ஏதோ ஒரு பிரிவைச் சொல்லியிருப்பார். எனக்குப் பிரிவு தெரியாது. எனக்குத் தெரிந்தது, நான் உட்கார்ந்திருக்கிற கதிரைதான் இப்போது அவளுக்குத் தடையாக இருக்கிறது என்பது மட்டும்.

"தங்கச்சி, தனிய இரிப்பியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இரிப்பேன்" என்றாள்.

எழுந்தேன். அந்த மண்டபத்தில் இவ்வளவு காலமும் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது நான் எழுந்ததில்லை. மீன் வியாபாரிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "என்ட பேரை அதில இருந்து வெட்டிருங்க காழியாரே. நான் சாட்சி" என்றேன்.

அவர் பெரியவர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவர், "சொந்தமுமில்ல, பந்தமுமில்ல. கண்டதைச் சொல்லட்டுமே" என்றார். காழியார் பேனையால் ஒரு கோடு இழுத்தார்.

சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார், சொன்னேன். போன வருஷம் தங்கச்சியையும் மகளையும் ராத்தாவையும் நுரைச்சோலைக்கு ஏற்றிப் போனேன். ராத்தா வழக்கம் போல குசினிப் பக்கம் போய்விட்டார். வாசலில் நானும் தங்கச்சியும் மகளும்தான் நின்றோம். புருஷன் வெளியே வந்தார். "உன்ன நான் விடவும் மாட்டேன், எடுக்கவும் மாட்டேன். கிடந்து காய்" என்று சொன்னார். அதை என் காதால் கேட்டேன்.

"அதே வார்த்தையா?"

"ஓம். அதே வார்த்தை."

எனக்குக் குரல் வந்தது. அதற்காகச் சந்தோஷப்படவும் இல்லை. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் என்னைத் தடுத்த அந்த வெட்கம் அன்றைக்கு எங்கே போனது என்று பிறகுதான் யோசித்தேன். மற்றதெல்லாம் மரத்துப் போனபோது அதுவும் சேர்ந்து மரத்துப் போயிருக்க வேண்டும்.

"வேற என்ன கண்டீங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"பிள்ளை தண்ணி கேட்டிச்சு. அங்க இரிக்கிற மற்றப் பொம்பிளை கொண்டு வந்து குடுத்தாங்க. கிளாஸைத் திருப்பி வாங்கேக்குள்ள பிள்ளைட தலையத் தடவி விட்டாங்க."

"அது வழக்குக்குத் தேவையில்ல" என்றார் அவர். எழுதவில்லை.

பிறகு காழியார் அவளிடம் கேட்க வேண்டியிருந்தது. சேர்ந்து வாழ விருப்பம் உண்டா, இல்லையா, கடைசியாக ஒரு தடவை. "இப்ப என்ன முடிவு?" என்று கேட்டபடி நிமிர்ந்தவர், நான் எழுந்துபோன கதிரையைப் பார்த்தார். அதில் யாரும் இல்லை. அப்போதும் கண்ணை எடுக்கவில்லை, பழக்கம்.

"நான் இங்கால இரிக்கிறேன் காழியாரே" என்றாள் தங்கச்சி.

பெரியவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. காழியார் அவளைப் பார்த்தார். அவள் கதைக்கத் தொடங்கினாள். எதையும் பெரிதாகச் சொல்லவில்லை. காலையில் எத்தனை மணிக்குப் பண்ணைக்குப் போவாள், பிள்ளையை யார் பார்ப்பார்கள், கலியாண வீடுகளுக்குப் போனால் எந்த வரிசையில் உட்காருவதென்று தெரியாமல் போகாமலே விட்டதை எல்லாம் சொன்னாள். "எனக்கு அவர் மேல கோவமில்ல. எனக்கு முடிச்சுத் தாங்க" என்றாள். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் காழியார் வேறு எங்கும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு வேறு முகம் இல்லை.

எங்களை வெளியே அனுப்பிக் கதைத்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டார்கள். பஸகு கொடுத்தார்கள்.

"இண்டையில இருந்து இத்தா. மூணு மாசம் வீட்டோட இரிக்கணும், தெரியும்தானே?" என்றார் காழியார். பிரிந்த பெண் பிற ஆம்பிளைகள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. இதையும் அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் மீன் வியாபாரி, "அல்ஹம்துலில்லாஹ். என்ன தம்பி, ஒரு சிரிப்புக் கூட இல்ல. நீதானே இண்டைக்கி மாப்பிளை" என்றார். ராத்தாவின் கதை அவருக்கும் தெரிந்திருக்கிறது. நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை. தங்கச்சி ஓட்டோவில் ஏறி உட்கார்ந்து, "நானா, புத்தளம் சந்தையால போவம். மூணு மாசத்துக்கும் வாங்கணும்" என்றாள்.

கடை கடையாக இறங்கினாள். அரிசி, பருப்பு, மகளுக்குக் கொப்பி, பென்சில், நூலும் ஊசியும். பண்ணைக்கு இனி மூன்று மாதம் போக முடியாது, வீட்டிலிருந்து தைக்கலாம் என்று யோசித்திருக்கிறாள். விலைப்பட்ட வீட்டைக் காலி செய்கிறவள் போல அவசரமாக நடந்தாள். மீன் வியாபாரி பைகளைத் தூக்கிக்கொண்டு, "சாட்சி சொல்லவெண்டு கூட்டி வந்து மூட்டை தூக்குற நாட்டாமை வேலை வாங்குறா" என்று முறைப்பட்டுக்கொண்டே பின்னால் போனார். நான் ஓட்டோவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பழக் கடைக்கு முன்னால் அவள் சும்மா நின்றாள். ஒன்றும் வாங்கவில்லை. ஆட்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள், அவள் நகராமல் நின்றாள். பிறகு வந்து ஏறினாள்.

முந்தலில் அவளுடைய வீட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். மகள் ஓடி வந்து பைகளை இழுத்துப் போனாள். மீன் வியாபாரி தன் வீட்டுக்கு நடந்தார். தங்கச்சி இறங்கி, "வாறேன் நானா" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சந்தி வரைக்கும் போன பிறகுதான் பின் ஆசனத்துக்கு அடியில் சவர்க்காரப் பை கிடப்பதைக் கண்டேன். திருப்பிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"நான்தான். சவர்க்காரம்."

கதவு திறக்கவில்லை.

"வாசல்ல வெச்சிட்டுப் போங்க நானா."

படியில் வைத்தேன். மழை வருவது போல இருந்ததால் பையைச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, ஓட்டோவை எடுத்தேன்.